1827 வேறு, 1935 வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படை பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படிப்பவர்கள், 1827 முதல் நம்மவர்கள் எல்லா வகைப் பீரங்கிகளையும் இடைவிடாமல் இயக்கி வந்ததாகவே எண்ணிக்கொள்வார்கள். பீல்டு ரெஜிமென்ட் (களப் பீரங்கிப் படைப்பிரிவு) ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைத் திருத்தக் கடமைப்பட்டுள்ளேன்.

1827 செப்டம்பர் 28 அன்று பம்பாயில் தொடங்கிய கோலந்தாஸ் (இந்தியப் பீரங்கி வீரர்கள்) கம்பெனி, பின்னாளில் மலைப் பேட்டரியானது; பேட்டரி என்பது சில பீரங்கிகள் கொண்ட பிரிவு. மலைப் பீரங்கியைக் கழற்றிக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிவிடலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றாமல் ஒற்றையடிப் பாதையிலேயே மேலே கொண்டுபோய்விடலாம். களப் பீரங்கியோ சக்கரத்தில் இழுத்துச் செல்லப்படுவது, வலிமை மிக்கது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு அதை இந்தியர் கையில் விட ஆங்கிலேயர் அஞ்சினர். மலைப் பேட்டரிகள் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தனர். 1935 ஜனவரி 15 அன்று பெங்களூருவில் 'ஏ' பீல்டு பிரிகேடு உருவான பிறகுதான் அந்தத் தடை உடைந்தது. (அன்றைய பீரங்கிப் பிரிகேடு என்பது இன்றைய ரெஜிமென்ட்தான்.)

கட்டுரை மறந்த இன்னொருவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்த பி.பி.குமாரமங்கலம், 1933-இல் பீரங்கிப் படை அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில், 1942 மே 27 அன்று லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் அருகே 2-ஆவது பீல்டு ரெஜிமென்ட்டின் 25 பவுண்டர் (25 பவுண்டு எடைக் குண்டு வீசும்) பீரங்கிகள் இத்தாலியக் கவச வாகனங்களை எதிர்கொண்டபோது அவர் அங்கே இருந்தார், டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீர விருதும் பெற்றார். பொதுவாகப் பீரங்கியருகே நிற்பவன் இலக்கைப் பார்ப்பதே இல்லை. முன்னே மேட்டில் இருக்கும் ஓ.பி. (கண்காணிப்பு நிலை) அதிகாரி வயர்லெஸ்ஸில் சொல்லும் இலக்குக்கு ஏற்பக் கணக்கிட்டுத் தரப்படும் கோணத்தைக் கருவியில் வைத்து, "ரெடி" என்று கத்திவிட்டு, உத்தரவு வந்ததும் சுடுவதுதான் எங்கள் வேலை. அன்றோ டாங்குகள் கண்ணெதிரே வந்துவிட்டன. அவற்றை நேராகக் குறிபார்த்துச் சுட வேண்டியதாயிற்று. அது எத்தகைய நிலை என்பது பீரங்கியடியில் நின்றவனுக்குத்தான் விளங்கும்.

அந்தக் குமாரமங்கலமே 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார். அடுத்த இதழில் இந்தத் திருத்தங்களோடு அவரைப் பற்றியும் நான்கு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
அஸ்தம்பட்டி, சேலம்.