நெல் வயல் துண்டறிக்கை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேளாண் துண்டறிக்கை எழுதும் அலுவலர்களுக்கும் அதற்குப் படம் தேர்ந்து கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் சம்பாப் பட்டத்தில் எங்கள் கைக்கு வந்த தாளில் ‘வெட்டுக்கிளி: கண்டவுடன் மருந்து தெளிக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மேலே ஒரு வண்ணப் படம். அதைச் சற்று உற்றுப் பாருங்கள். உணர்கொம்புகள் உடலைவிட நீளம். நெற்றி கண்களைத் தாண்டிக் கூம்பாக முன்னால் நீண்டிருக்கிறது. பின்முனையில், முட்டையிடுவதற்கான வாள் போன்ற நீண்ட உறுப்பு. பயிரை மொட்டையடிக்கும் குட்டைக்கொம்பு வெட்டுக்கிளிக்கு இவ்வளவு நீளக் கொம்பும் கிடையாது, இப்படி ஒரு வாளும் கிடையாது. படத்தில் இருப்பது டெட்டிகோனிடே குடும்பத்துக் கூம்புத்தலைப் பூச்சி. யூகோனோசெஃபாலஸ் என்ற பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுதி) இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பிடித்து முன்னங்காலின் முட்டிக்குக் கீழே பாருங்கள், சிறு பிளவு தெரியும். அதுதான் அதன் காது. வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் தொடக்கத்தில். (விரல் பத்திரம், கூம்புத்தலையின் கடி பலமானது.)

இந்தப் பூச்சி உழவனின் உற்ற தோழன் என்று நான் சாதிக்க வரவில்லை. புல் விதை தின்னும் பிராணி அது. ஆனால் அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த சிறிய உறவினர் ஒருவர் இருக்கிறார்: கோனோசெஃபாலஸ் லாங்கிபென்னிஸ். நெல் இலையையும் கொஞ்சம் கடிப்பார். ஆனால் தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியலையும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் குஞ்சுகளையும் தின்று தீர்ப்பவரும் அவரே. உங்கள் தாளை நம்பி நீளக்கொம்பு கண்ட இடமெல்லாம் தெளித்தால் முதலில் சாவது இவர்தான். மருந்துச் செலவு எங்கள் தலையில்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய கூம்புத்தலைகளை ஒரு காலத்தில் கோனோசெஃபாலஸ் என்றே எழுதினார்கள். 1907இல் ஆஸ்திரியப் பூச்சியியலாளர் கார்னி அந்தக் கூட்டத்தைப் பிரித்து யூகோனோசெஃபாலஸ் போன்ற பேரினங்களை அமைத்தார். பழைய ஏடுகளில் சைஃபிடியம் என்று இருந்த சின்னப் பூச்சிகளே இன்று கோனோசெஃபாலஸ். ஆகவே பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினால், பெயர் ஒன்று, பூச்சி வேறொன்று ஆகிவிடும்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. தலைக்கூம்பை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் படமெடுங்கள். இரவில் ஆண் பூச்சி சிறகுரசிப் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். இனம் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

திருத்திய தாளில் இரண்டு படங்கள் போதும்: குட்டைக்கொம்பு ஒன்று, நீளக்கொம்பு ஒன்று. மருந்து என்ற சொல் முதல் படத்தின் கீழே மட்டும் இருக்கட்டும். அதுவும் சேதம் கணிசமாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த பட்டத்துக்கு நாற்று விடும் முன் அது எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பாகூர் ஏரிப் பாசன விவசாயி ஒருவர்