சிட்டா உங்கள் கணினியில்தான் இருக்கிறது: வேளாண்மை – உழவர் நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வருவாய்த் துறையின் உயர் அலுவலர்களுக்கும் வணக்கம்.

வட மாவட்டம் ஒன்றில் மணிலாவும் (நிலக்கடலை) கேழ்வரகும் பயிரிடும் குடும்பத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம். ஊரில் யார் கேட்டாலும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம் என்பதால், ஒரு மானியம் அறிவிக்கப்படுவதற்கும் அது வயலுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே என்னென்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

திட்டங்களின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் தருவது பெரிய உதவி. எங்கள் ஊரில் அதனால் கிணற்று நீர் கோடையிலும் தாக்குப்பிடித்த தோட்டங்கள் உண்டு. ஆனால் அந்த 100 விழுக்காட்டைப் பெறுவதற்கு ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், சிட்டா (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற பதிவு), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), புல வரைபடம் ஆகியவற்றோடு சிறு, குறு விவசாயி என்ற சான்றிதழும் வேண்டும். இந்த ஒரு சான்றிதழின் பயணத்தை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். விவசாயி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போகிறார். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளரிடமும், பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் செல்கிறது. ஒவ்வொரு நிலையிலும் பார்க்கப்படுவது, அவருக்கு ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். அதற்கான விடை 'தமிழ்நிலம்' என்ற நில ஆவணத் தரவுத்தளத்தில் அரசிடமே இருக்கிறது. அரசின் கணினியில் இருக்கும் தகவலை விவசாயி தாளில் வாங்கி, அரசின் இன்னொரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேறு மாவட்டத்தில் நிலம் இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான். அதற்கு ஓர் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு, பொய் என்றால் தொகையைத் திரும்பப் பெறலாம்.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 79 லட்சம் நில உடைமைகள் உள்ளன. அவற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை சிறு, குறு உடைமைகள். ஆகவே சிறு விவசாயி என்பது இங்கே விதிவிலக்கு அல்ல. பெரும்பான்மையாக இருப்பவர்கள் தாங்கள் சிறியவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து நிரூபிப்பதை விட, பெரிய நிலம் உடையவர்களைத் தரவிலிருந்து பிரித்தெடுப்பது எளிது.

பட்டா தொடர்பான சிக்கல் இதைவிட ஆழமானது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார்; ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலத்தில் முப்பது ஆண்டுகளாக அவர்தான் உழைக்கிறார். பட்டா இறந்துபோன மாமனாரின் பெயரில் இருக்கிறது. கணவரும் இறந்துவிட்டார். பெயர் மாற்ற வேண்டுமென்றால் மாமனாரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்த இறப்பை அன்று யாரும் பதிவு செய்யவில்லை. ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்ட இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். அதன் பிறகு வாரிசுச் சான்றிதழ், அதற்குப் பெங்களூருவில் வாழும் நாத்தனாரின் ஒப்புதல். இத்தனை தாள்களையும் அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டு அரிசிப் பானைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். போன ஆண்டு என்னிடம் அந்தப் பையைக் கொடுத்து, "எது இருக்குது, எது இல்லைன்னு நீயே பாரு தம்பி, எனக்குத் தெரியல" என்றார். ஏழு முறை அலைந்தும் அவரால் சொட்டுநீருக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. பட்டா இல்லாததால் பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் 6,000 ரூபாயும் இல்லை. 2025இல் நடந்த, விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவிலும் அவர் பெயர் ஏறவில்லை.

பட்டா இருப்பவர்களுக்கும் வழி நேராக இல்லை. என் தந்தையின் விரல் ரேகைகள் மணிலா பறித்தே தேய்ந்துவிட்டன. ஆதார் சரிபார்ப்புக்குப் போனபோது, மையத்தில் இருந்த பெண் ஈரத் துணியால் அவர் கையைத் துடைத்துத் துடைத்துப் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தார். கடைசியில் இடது கை மோதிர விரலைத்தான் கருவி ஏற்றுக்கொண்டது.

பின்னேற்பு மானியம் பற்றியும் சொல்ல வேண்டும். சொட்டுநீருடன் இணைந்த துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் மோட்டாருக்கு 15,000 ரூபாய் வரை பாதி விலை கிடைக்கும். ஆனால் முழுத் தொகையையும் விவசாயியே முதலில் செலவழித்து, பட்டியலைக் காட்டிய பிறகுதான் கிடைக்கும். கையில் பணம் இல்லாதவர் நகையை அடகு வைத்து வாங்குகிறார். மானியம் வரும் வரை ஏறும் வட்டியை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை.

குத்தகைக்குப் பயிரிடுபவர்களின் நிலை எல்லாவற்றிலும் மோசம். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டின் சட்டம் இருந்தும், வாய்வழிக் குத்தகைக்கு நிலம் கொடுத்தவர் குத்தகைதாரரின் பெயரைப் பதிய விடுவதில்லை. பயிர்க் காப்பீட்டில் சேரலாம் என்று விதி அனுமதிக்கிறது; ஆனால் சாகுபடி அடங்கல் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதிலேயே அவர்கள் தோற்றுவிடுகிறார்கள்.

கடுமை குறைந்தால் மோசடி பெருகும் என்று சொல்லப்படுவதை அறிவேன். 2020இல் நம் மாநிலத்தில் கிசான் திட்டத்தில் தகுதியற்ற பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டது வெளிவந்தபோது, அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. அது உள்ளிருந்து நடந்த பிழை. பெரியம்மாவிடம் இன்னொரு நகல் கேட்டிருந்தால் தடுக்கக்கூடியது அல்ல. தெலங்கானா 2018இல் ரைத்து பந்து என்ற விவசாயி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் நில ஆவணங்களைச் சீர்செய்துவிட்டு, பட்டாதாரர்களுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய்க் காசோலையை ஊரிலேயே கொடுத்தது. அதில் குத்தகைதாரர் விடுபட்டனர் என்பது பெரிய குறை. அதே காலத்தில் ஒடிசாவின் காலியா என்ற விவசாயி உதவித் திட்டம் குத்தகைதாரர்களையும் நிலமற்ற தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டது. இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ள நம்மிடம் திறமையான அலுவலர்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். வருவாய்த் துறையிடம் இருக்கும் எந்த விவரத்தையும் விவசாயியிடம் தாளாகக் கேட்காதீர்கள். இறந்தவர் பெயரிலுள்ள பட்டாக்களுக்காக இரு துறைகளும் சேர்ந்து ஊராட்சி தோறும் முகாம் நடத்தி, இறப்புப் பதிவு முதல் பட்டா மாறுதல் வரை ஒரே இடத்தில் முடித்துக் கொடுங்கள். ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காரணத்தைப் புரியும் தமிழில் எழுதிக் கொடுங்கள். "சிஸ்டத்தில் ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்பது எங்களுக்குக் காரணமாகத் தெரியவில்லை. இவற்றை மாநிலம் முழுவதும் உடனே செய்ய இயலாவிட்டால், வரும் ஆடிப் பட்டத்துக்குள் ஒரு வட்டாரத்திலாவது தொடங்குங்கள். எங்கள் வட்டாரத்தில் தொடங்குவதாயின், பெரியம்மாவின் மஞ்சள் பையோடு முதல் நாளே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குறு விவசாயியின் மகன்