வால்டாக்ஸ் சாலை டீக்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஞாபகம் தடுமாறும் அப்பா வீட்டிலிருந்து காணாமல் போனதும், பத்திரமாகக் கிடைத்ததும் உங்களுக்குத் தெரியும். அவர் புகைப்படத்தை ஊரெல்லாம் அனுப்பியதே நீங்கள்தானே. ராத்திரி முழுக்கத் தேடிய ஆட்டோக்காரர்கள், ரயில்வே போலீஸார், முன்னாள் கடற்படையினர், எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"லீவு முடிஞ்சுபோச்சு, விசாகப்பட்டினம் போகணும், அட்மிரல்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்" என்று அப்பா சென்ட்ரல் பக்கம் கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறார். கையைப் பிடித்தவர்களை உதறிவிட்டிருக்கிறார். டீக்கடை அண்ணன் கையைப் பிடிக்கவில்லை. "எந்த அட்மிரலுங்கய்யா?" என்று கேட்டார்.

"வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். நாகர்கோவில்ல பொறந்தவர்."

"நானும் நாகர்கோவில்தான். உக்காந்து சொல்லுங்க."

அப்பா உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணி நேரம்!

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 1961இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டையூவை மீட்ட சண்டையின்போது ‘டெல்லி’ என்ற போர்க்கப்பலின் கேப்டன் கிருஷ்ணன். பத்து வருடம் கழித்து, வங்கதேசப் போரில், விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைவர். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி, காஜி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் கராச்சியிலிருந்து கிளம்பியிருந்தது. விக்ராந்துக்கோ கொதிகலன் ஒன்று பழுது, முழு வேகம் எடுக்க முடியாது. அவர் அதை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்த் போல வயர்லெஸ்ஸில் பேச வைத்தார். விசாகப்பட்டினத்தில் விக்ராந்துக்கென்று ஏராளமாக ரேஷன் வாங்கச் சொன்னார். அப்பாவுக்கு அப்போது இருபது வயது, ஸ்டோரில் வேலை. இல்லாத கப்பலுக்கு எதற்கு இவ்வளவு காய்கறி, இறைச்சி என்று அன்று அவருக்கு விளங்கவில்லை. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டித் துறைமுகத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. அது எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடுகளும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மறுநாளே விக்ராந்தின் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போட்டபோது பின்னால் நின்றவர்களில் எங்கள் அட்மிரலும் ஒருவர் என்று சொல்லி முடிக்கும்போது அப்பாவின் முதுகு நிமிரும். முடிந்த கையோடு மறுபடி டையூவிலிருந்து ஆரம்பிப்பார்.

நான் "சொல்லிட்டீங்கப்பா" என்பேன். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. பால் காய்ச்சிக்கொண்டே, கிளாஸ் கழுவிக்கொண்டே, "அப்புறம் என்னாச்சுய்யா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நடுவில் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் ஒரு படம் எடுத்து ஆட்டோ நண்பருக்கு அனுப்பினார். அதுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது. நான் ஓடிப்போய் நின்றபோது அப்பா கையில் பன் இருந்தது, முகத்தில் பயமே இல்லை.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "கதை பாதியில நிக்குது சார்" என்றார். எதிரியை ஏமாற்ற அட்மிரல் செய்த இன்னொரு வேலையைச் சொல்லும் இடத்தில் அப்பாவின் கதை அப்போது நின்றிருந்தது. விக்ராந்தின் மாலுமி ஒருவர் அனுப்பியது போல ஒரு சாதாரணத் தந்தி: அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லையே, எப்படி இருக்கிறார்? அண்ணன் என்னைக் கேட்டார், "அந்த அம்மா பொழச்சாங்களா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டி வருகிறேன் அண்ணே. அவரே சொல்லட்டும்.