பதிவு வழக்குக்கு என்றால், கைப்பேசியும் நிலையத்துடையதாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய மாநிலக் காவல்துறைத் தலைமைக்கும் உள்துறைச் செயலகத்துக்கும்,

வணக்கம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 105-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் எழுதுதல், சாட்சிகள் கையெழுத்துப் போடுவது என எல்லாவற்றையும் ஒலியோடு வீடியோ எடுத்து, தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்ப வேண்டும். கைப்பேசியில் எடுப்பதே விரும்பத்தக்கது என்று சொல்லும் சட்டம், யாருடைய கைப்பேசி என்று சொல்லவில்லை. பல நிலையங்களில் இன்றுவரை எஸ்.ஐ.யின் சொந்தப் போன்தான், அவரிடம் இல்லாவிட்டால் ஏட்டய்யாவின் போன். அண்மையில் ஒரு வழக்கில், மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் எழுதிய ஹாஷ் மதிப்பும் (கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கோர்ட்டில் கொடுத்த பென் டிரைவின் ஹாஷ் மதிப்பும் ஒத்துப்போகவில்லை என்று விசாரணை அதிகாரிக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். இந்த மடலுக்கு அதுவே காரணம்.

அந்த ஹாஷ் ஏன் மாறுகிறது என்பதைத் தாங்கள் தயவுசெய்து ஒருமுறை கவனிக்க வேண்டும். யாரும் பதிவில் உள்ள காட்சியைத் திருத்தாமலே அது மாறும். சாதாரணக் கைப்பேசியில் 1080பி தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 100 எம்.பி.க்கு மேல் போகும். மகஜர் (சாட்சிகள் முன் கைப்பற்றிப் பட்டியல் எழுதுவது) முக்கால் மணி நேரம் நீண்டால் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டும். கடையில் வாங்கும் 16, 32 ஜி.பி. பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் ஆகி வருபவை. 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அவை ஏற்காது. டிரைவில் இடம் காலியாக இருக்கும், காப்பி மட்டும் ஆகாது. ரைட்டர் (நிலையத்தின் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) ஏதோ ஒரு செயலியில் வீடியோவை இரண்டாக வெட்டி ஏற்றுவார். அந்த நொடியே ஹாஷ் வேறாகிவிடும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதை நிலையத்துக்கு யார் சொன்னார்கள்?

வாட்ஸ்அப் இன்னொரு குழி. மேலதிகாரி "வீடியோவை அனுப்புங்க" என்கிறார். வீடியோவாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். 2 ஜி.பி.க்குள் இருந்து, ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். போனில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் மிஞ்சியதை வைத்துச் சான்றிதழ் எழுதினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்விக்கே வழக்கு ஆட்டம் காணும்.

பதிவின் நடுவே அழைப்பு வந்தால் பல போன்களில் ஒலி நின்றுபோகிறது, சிலவற்றில் பதிவே அறுபடுகிறது. ஏரோப்ளேன் மோடில் போட்டால் கண்ட்ரோல் ரூம் அழைப்பு வராது. இரவு ரோந்தில் இருக்கும் சிறப்பு எஸ்.ஐ. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஒரே போனை இரண்டு வேலைக்கும் வைத்தால் இப்படித்தான் ஆகும். எனவேதான் கேட்கிறோம்: நிலையத்துக்குக் குறைந்தது இரண்டு கைப்பேசிகள், பதிவுக்கென்றே, சிம் இல்லாமல்.

மின்னணுச் சான்றுக்காக, புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63(4) பிரிவு கேட்கும் அந்தச் சான்றிதழின் 'ஏ' பகுதியைப் பாருங்கள். கருவியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் கேட்கிறது. அந்தக் கருவி தனக்குச் சொந்தமானதா, தன் பராமரிப்பில் உள்ளதா, தான் நிர்வகிப்பதா, இயக்குவதா என்று டிக் அடிக்கச் சொல்கிறது. எஸ்.ஐ. 'சொந்தமானது' என்று டிக் அடிக்கிறார். மனைவி மக்கள் படமும் வங்கிச் செயலியும் இருக்கும் போன் அன்றிலிருந்து வழக்கின் பகுதி. மூலக் கருவியைக் காட்டு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பது அவர் உரிமை. விசாரணைக்கு வருவதற்குள் போன் உடைந்திருக்கலாம், எக்ஸ்சேஞ்சில் போயிருக்கலாம். அதற்கும் மெமோ வருமா?

'பி' பகுதி நிபுணர் கையெழுத்திட வேண்டியது. நிபுணர் என்றால் யார் என்று அந்தப் படிவம் சொல்லவில்லை. கையெழுத்துக்காக மாவட்டத் தலைநகரின் சைபர் க்ரைம் நிலைய வாசலில் காவலர் காத்துக் கிடக்கிறார். பி.என்.எஸ்.எஸ். 185-ஆம் பிரிவின்படி சோதனைப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவரிடம் சேர வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்.எச்.ஏ.256 என்ற முறையில் கணக்கிடும் ஹாஷ் மதிப்பு 64 எழுத்துகள். அதைக் கையால் எழுதச் சொல்லும் இடங்களும் உண்டு. ஒரு ஆங்கில 'B' 8 ஆகப் படிக்கப்பட்டால் போதும், ஹாஷ் ஒத்துப்போகாது.

இந்தச் சட்டத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வீடியோவைவிட நல்ல பதில் கிடையாது. செய்யாததைச் செய்ததாக எழுதும் அதிகாரியையும் அது பிடித்துக் கொடுக்கும், கொடுக்கட்டும். ஆனால் 90 நாளுக்குள் புகார்தாரருக்கு விசாரணை நிலவரம் சொல்ல வேண்டும், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று கடமைகள் கூடிக்கொண்டே போகின்றன. நிலையத்தில் ஆளும் கருவியும் கூடவில்லை. பென் டிரைவ் வாங்கும் காசுகூடப் பல இடங்களில் ரைட்டர் பையிலிருந்துதான் போகிறது. கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

மீண்டும் பணிவோடு கேட்பது இவைதான். நிலையத்துக்கு இரண்டு அரசுக் கைப்பேசிகள், வழக்குக்கு ஒரு எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் அரசுச் செலவில், எடுத்த இடத்திலேயே ஹாஷ் கணக்கிட்டு அச்செடுக்கும் வசதி, உட்கோட்டத்துக்கு ஒருவராக 'பி' பகுதியில் கையெழுத்திடும் நிபுணரைப் பெயர் குறித்து நியமிக்கும் ஆணை. அவை வரும்வரை, சொந்தப் போனில் பதிவு செய்தவருக்குக் கருவிக் கோளாறுக்காக மெமோ கொடுப்பதை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விசாரணை அலுவலர்களுக்குச் சட்டப் பயிற்சி அளிப்போர்