சேகருக்கு, தார் உரித்த கதை

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் நலம் என்று தங்கச்சி சொன்னாள். மருமகனுக்கு வேலை நிரந்தரமானதற்கு வாழ்த்து. விருந்து எங்கே?

சரி, உன்னிடம் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று உன் பெரியப்பாவின் காடி, அதுதான் அந்தப் பழைய டத்சன் 120ஒய் கார். இன்னொன்று நீ செய்யவேண்டிய ஒரு வேலை. அதைக் கடைசியில் வைக்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய், எனக்குத் தெரியும்.

120ஒய்யின் தரையை மொத்தமாக உரித்துவிட்டேன். சிரிக்காதே. மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னபோதெல்லாம் "டத்சன் வாங்கினால் நீச்சல்குளம் இலவசம்" என்றாயே, அந்தத் தண்ணீர் வந்த வழி இப்போது தெரிந்துவிட்டது. முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்து, கதவோரத் தூண் வழியாக இறங்கி, கம்பளத்துக்கு அடியிலுள்ள சணல் மெத்தையில் ஊறி உட்கார்ந்திருக்கிறது. சணலைத் தூக்கினால் அடியில் தமிழ் நேசன் பத்திரிகை! பெரியப்பா வேலைதான், வேறு யார்? ஈரத்தை இழுக்கட்டும் என்று மடித்துப் போட்டிருக்கிறார். அது இழுத்தது, இழுத்ததை விடவே இல்லை. தேதி இருந்த மூலை கரைந்துபோய், ஒரு சினிமா விளம்பரமும் பாதி மரண அறிவித்தலும்தான் மிச்சம். 1924-ல் தொடங்கிய நேசன் 2019-ல் நின்றே போனது. இந்தக் காடிக்குள் மட்டும் அதற்கு ஓய்வு கொடுக்க ஆளில்லை.

ஓட்டுபவர் குதிகால் படும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், அந்தப் பக்கம் போய்விட்டது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணாமல் வேறு வழியில்லை. ஜிஞ்சாங்கில் ஒரு தவுக்கேயிடம், அதாவது பட்டறை முதலாளியிடம், கொண்டுபோனேன். குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். தாரை எடுத்துவிட்டு வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார் என்றார். அவர் சொன்னது நியாயம். தரைத் தகட்டின்மேல் ஒட்டியிருப்பது ரோடு போடும் தாரின் சொந்தபந்தம்தான். வெல்டிங் சூடு பட்டால் உருகும், புகையும், தீயும் பிடிக்கும்.

அந்தத் தார் எதற்கு என்று நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்வேன். வெளிச் சத்தத்தைத் தடுக்க என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் வேலை வேறு. ஓடும்போது மெல்லிய இரும்புத் தகடு அதிர்ந்து முழங்கும். கனமான தார் அதோடு ஒட்டியிருந்தால் அந்த அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு லேசான சூடாக மாற்றி அடக்கிவிடுகிறது. தொழிற்சாலையில் தார்த் தகட்டைத் தரையில் விரித்துவிடுவார்கள். பெயின்ட் காயவைக்கும் அடுப்புக்குள் வண்டி போகும்போது அது இளகி, மேடு பள்ளத்தோடு படிந்துவிடும். நாற்பது ஐம்பது வருஷம் போனால் பசை வற்றி வெடிக்கிறது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே கறுப்பாக, ஒழுங்காகத் தெரியும். அடியில் துரு தின்றுகொண்டிருக்கும்.

முதலில் ஹீட் கன்னும் சுரண்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தார் இளகி, சுரண்டியில் சுருண்டு, அங்கிருந்து என் முழங்கைக்கு வந்து, வீடு முழுக்க ரோடு போடும் நாற்றம். உன் தங்கச்சி ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, இந்தக் காடியில் இனி ஏறமாட்டேன் என்று அறிவித்துவிட்டாள். (அவள் ஏறி எத்தனையோ வருஷமாகிறது, அது வேறு விஷயம்.)

அப்புறம்தான் டிரை ஐஸ். சேகர், நீ இருந்திருக்கவேண்டும்! கரியமில வாயுவை உறையவைத்தது, மைனஸ் 78 டிகிரி. மீன் ஏற்றுமதிக்காரர்கள் வாங்கும் இடத்தில் ஸ்டைரோஃபோம் பெட்டி நிறைய வாங்கிவந்தேன். பொடித்துத் தரையில் பரப்பிவிட்டு ஒரு கால்மணி நேரம் சும்மா இருக்கவேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நாம் தொடாமலே உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கிறது. குளிரில் தார் சுருங்கும் அளவுக்கு இரும்பு சுருங்குவதில்லை, அதனால் ஒட்டு விட்டுப்போகிறது. பனியை ஒதுக்கிவிட்டு ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளங்கை அகலத்துக்கு அப்பளமாக நொறுங்கி வருகிறது. கீழே செகாம்புட் தொழிற்சாலையில் அடித்த பழைய பெயின்ட், பல இடத்தில் நேற்று அடித்ததுபோலவே இருக்கிறது. என் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு சுத்தியலைத் தேடினான். போனைக் கீழே வைத்தான் என்கிறேன், கேட்டாயா?

ஜாக்கிரதையாகச் செய்யவேண்டியதும் இருக்கிறது. கதவு எல்லாம் திறந்திருக்கவேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனம், காடித் தரையில் குளம் கட்டும். குனிந்து வேலை செய்பவன் அதற்குள்தான் மூச்சு விடுகிறான். கைக்குத் தோலுறை வேண்டும். மிச்சத்தை மூடி இறுக்கிய எதிலும் வைக்கக்கூடாது, வெடித்துவிடும். கியர் மேட்டின் சரிவில் ஐஸ் நிற்காது, வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது. அங்கே மட்டும் மறுபடி ஹீட் கன், மறுபடி முழங்கை.

நம்ம ஊர் ஈரத்தில் இன்னொரு தொல்லை. ஐஸ் போனதும் குளிர்ந்த தகடு வியர்த்துக் கொட்டுகிறது. பெயின்ட் போன இடத்தை அப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் செம்மண் நிறம். பெரிய விசிறியையும் மகளின் ஹேர் டிரையரையும் வைத்து உடனே காயவைத்தேன். ஒட்டிய கறுப்பை டர்பெண்டைன் நனைத்த துணியால் துடைத்து, மேலோட்டமான துருவுக்கு மருந்து பூசியாகிவிட்டது. வெல்டிங் முடிந்ததும் எபாக்சி பிரைமர்.

புதிதாக என்ன ஒட்டுவது என்பதில் சைக்கிள்கடை மருமகனோடு ஒரே சண்டை. அவன் தரையில் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டச் சொல்கிறான், அதுவும் கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப் பட்டையை. விலை மலிவாம்! நம் வெயிலில் பூட்டி நிறுத்திய காடிக்குள் அது இளகி நாறுமே என்றால், கண்ணாடியைத் திறந்துவை என்கிறான். என் கணக்கு வேறு. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் பட்டை, அதுவும் தகடு முழங்கும் நடுப்பகுதிகளில் மட்டும். கால்வாசி இடம் ஒட்டினாலே அதிர்வில் பெரும்பகுதி அடங்கிவிடும். மேலே சணலுக்குப் பதில் தண்ணீர் குடிக்காத மூடிய நுரை ஃபோம். 1171 சிசி இன்ஜின் சத்தம் கொஞ்சம் கேட்டால்தான் என்ன? பெரியப்பா மூன்றாவது கியரிலேயே தைப்பிங் வரை கொண்டுபோன சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இனி இரண்டாவது விஷயம்.

அந்தக் காலத்துச் சில வண்டிகளில் இப்படிப்பட்ட தாரிலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கிறார்கள். தூசியாகக் கிளம்பி மூச்சோடு போனால்தான் ஆபத்து. அதனால் மெஷின் பிரஷ் போட்டுத் தேய்க்கவில்லை, நானும் பையனும் நல்ல வடிகட்டி வைத்த முகக்கவசம் போட்டுத்தான் உட்கார்ந்தோம். துண்டுகளை நனைத்து இரட்டைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை. வரும்வரை பை வாசலிலேயே கிடக்கும், தங்கச்சி என்ன சொன்னாலும் சரி.

கவசத்தை மாட்டும்போதெல்லாம் கறுப்பண்ணன் ஞாபகம்தான். சுங்கை சிப்புட் பட்டறையில் பிரேக் டிரம்மைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயை வைத்து உள்ளே ஊதுவாரே. சாம்பல் நிறத்தில் புகை கிளம்பும். நாம் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் நிற்போம், நீ தும்முவாய், அவர் சிரிப்பார். தாரைப் பற்றியாவது சந்தேகம், பிரேக் கட்டையில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்துப் பிரேக் கட்டையில் ஆஸ்பெஸ்டாஸ்தான். அது செய்யும் வேலை உடனே தெரியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும்.

போன வாரம் அவரிடம் போனில் பேசினேன். ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சொல்கிறார். கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார்களாம். இருக்கலாம். சுருட்டும் பிடித்தவர்தான், நான் டாக்டரும் இல்லை. ஆனால் "என்ன வேலை செய்தீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை என்கிறார். அவராகவும் சொல்லவில்லை.

நீ ஈப்போவில் இருக்கிறாய், எனக்கு இங்கிருந்து இரண்டரை மணி நேரம். நீ போய் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே சொல்: வாழ்நாள் முழுக்கப் பிரேக் வேலை, ஆஸ்பெஸ்டாஸ் தூசி. கூடவே, பட்டறையில் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் முதலாளி சொக்சோ (தொழிலாளர் காப்புறுதிச் சந்தா) கட்டினாரா, சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று வீட்டில் விசாரி. தொழிலால் வந்த நோய் என்று நிரூபணமானால் அதில் வழி உண்டு. டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டார். தாவ்கே (முளைப்பயறு) கோழி சாப்பிடலாம் என்று சொல்லி ஏற்று. சாப்பாட்டை ஸ்கேனுக்குப் பிறகு வை.

எந்த நாள் என்று சொல், நானும் வர முயற்சி செய்கிறேன். டத்சனில் அல்ல, பயப்படாதே, ரயிலில்.

இன்னொன்று. ஈப்போ பழைய சாமான் கடைகளில் 120ஒய்க்கு முன்கண்ணாடி ரப்பர் கிடைத்தால், கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கிவிடு. காசை உடனே அனுப்புகிறேன். நீ எனக்குச் சொல்லும் 'உடனே' இல்லை, நிஜமான உடனே.

அன்புடன்,
மணி