கணக்கப்பிள்ளையின் பிடிலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

மான்செஸ்டரில் ஒரு துணிக் கிட்டங்கியில் பேரேடு எழுதிக்கொண்டே பிடில் பழகும் இளைஞனைப் பற்றிய என் குறுநாவல் ஒருவழியாக முடிந்துவிட்டது. கதை நடப்பது 1858இல். அந்த ஊரில் நான் கால் வைத்ததில்லை. தப்பித்தது உங்களால்தான்.

முதல் நன்றி, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற, தொண்ணூறை நெருங்கும் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு. என் நாயகன் பென்னிகளைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தான். "பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங் என்றால், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா என்று நாங்கள் போட்ட கணக்குதானே!" என்று பென்சிலைப் பிடுங்கி, பக்கம் முழுவதையும் திருத்திக் கொடுத்தார்.

பிடில் கற்றுத்தரும் அக்காவிடம் வாசிப்பைப் பற்றிய என் இரண்டு பக்க வர்ணனையைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இடக்கையை விளக்கருகே நீட்டினார். விரல் நுனிகளில் காய்ப்பு, அதன்மேல் கம்பி பதிந்த கோடுகள். வலக்கையில் மை, இடக்கையில் காய்ப்பு: குமாஸ்தாவின் ரகசியத்தை முதலாளி கண்டுபிடிக்கும் காட்சி அப்படித்தான் பிறந்தது. வர்ணனை குப்பைக்குப் போயிற்று.

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் நண்பர் இல்லையென்றால் மானம் போயிருக்கும். பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலேயின் இசைக்குழு ஃப்ரீ டிரேட் ஹாலில் முதல் கச்சேரி செய்ததை ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தேன். 1858 ஜனவரி 30, சனிக்கிழமை என்று திருத்தினார். வியாபாரிகளையெல்லாம் கல்நெஞ்சர்களாக்கி வைத்திருந்ததையும் அவர் விடவில்லை. பாரிஸ் புரட்சியால் பிழைப்பிழந்து வந்த ஹாலேயை 1848இல் அந்த ஊருக்கு அழைத்ததே துணித்தொழிலில் இருந்த ஹெர்மன் லியோதான். ஃப்ரீ டிரேட், அதாவது தடையற்ற வணிகம் என்ற தங்கள் கொள்கையின் பெயரையே மண்டபத்துக்குச் சூட்டியவர்கள், அதே மண்டபத்தில் பீத்தோவனையும் கேட்டார்கள். எழுதியதில் பாதியைக் கிழித்தேன், கதை பிழைத்தது.

"நம்மூர்க்காரர் ஒருவராவது வேண்டாமா?" என்று கேட்டுப் பிரதியைத் திருப்பி அனுப்பிய பதிப்பாளருக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

கடைசியாக, மறுபடியும் தாத்தாவுக்கு. ஹாலேயின் நினைவுக் குறிப்புகளிலிருந்து நண்பர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். முதல் பருவத்தில் முப்பது கச்சேரிகள். செலவு போக மிஞ்சிய லாபம் இரண்டரை ஷில்லிங். அதைப் பத்துப் புத்தம்புது மூன்று பென்னிக் காசுகளாக ஹாலேயின் கையில் கொடுத்தார்களாம். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். நான் காகிதம் தேடுவதற்குள், "கச்சேரிக்கு ஒரு பென்னி" என்றார்.

தாத்தா, கடைசி அத்தியாயத்தில் அந்த வரியை என் குமாஸ்தா சொல்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நன்றியுடன்,
உங்கள் எதிர்வீட்டுக்காரன்