கழுகை வரைந்தவர் யார்?

அன்புள்ள செல்வா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இந்தப் பதில். கோபித்துக்கொள்ளாதே. அம்மா நலம், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சின்னவள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள். பெரியப்பா இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை, கேட்டால் உன்னைத்தான் கை காட்டுகிறார். சரி, வீட்டுச் செய்தி இவ்வளவுதான். நீ எழுதியிருந்த நடராஜர் சிலை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு முன் இங்கே நடந்ததைக் கேள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய சண்டை, கட்டுரையில் யார் பெயர் போடுவது என்று. போன தடவை நீ இங்கே வந்தபோது, மெழுகுக் கட்டிக்குள் பதித்த திசுவைச் சீவி, அந்தச் சீவலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் துண்டில் ஏந்திக்கொண்டிருந்தாளே ஒரு பெண், நினைவிருக்கிறதா? சிலைக்கு மெழுகு உருட்டுகிற நீ, "என் மெழுகைவிட உன் மெழுகு சாது" என்று அவளிடம் சொன்னாயே, அவள்தான். ஒரு சீவல் 5 மைக்ரான் கனம், மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலும் சுருண்டுவிடும். எங்கள் புதிய கட்டுரையின் படங்கள் எல்லாமே அவள் எடுத்த சீவல்கள். ஒரு படத்தில் திசு சிதைந்திருப்பதை முதலில் கண்டுகொண்டவளும் அவள்தான். மற்றவர்கள் சாயம் சரியாக ஏறவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். கட்டுரையின் மையமே இப்போது அந்தச் சிதைவு.

கடைசி வரைவு வந்தபோது பார்த்தால், அவள் பெயர் நன்றியுரையில், "தொழில்நுட்ப உதவிக்கு" என்று. ஆசிரியர் பட்டியலிலோ, இந்த வேலையில் ஒரு கண்ணாடித் துண்டைக்கூட எடுத்துப் பார்க்காத ஒரு பெரியவர்.

கேட்டதற்கு, அவள் கட்டுரை எழுதுவதில் சேரவில்லை, விதிப்படி ஆசிரியராக முடியாது என்றார்கள். விதி இருப்பது உண்மை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்தது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருக்க வேண்டும். ஆனால் அதே ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. முதல் தகுதி உள்ளவருக்கு மற்றவற்றைச் செய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும், வாய்ப்பை மறுத்துவிட்டு அதையே காரணம் காட்டி ஆளை நீக்கக் கூடாது. நிதி வாங்கித் தந்தது மட்டுமோ, பொதுவான மேற்பார்வை மட்டுமோ ஆசிரியராவதற்குப் போதாது. அவளுக்கு வரைவையே அனுப்பாமல் இருந்துவிட்டு "எழுதவில்லை" என்றால் என்ன நியாயம்? அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் வாசித்தேன்.

அதைவிடப் பெரிய உதவி இதழின் படிவத்திலிருந்து வந்தது. இப்போது பல இதழ்கள் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் செய்த வேலையைக் கேட்கின்றன. யோசனை, முறை வகுத்தல், சோதனை, தரவுப் பராமரிப்பு, படங்கள், முதல் வரைவு, திருத்தம், நிதி, மேற்பார்வை என்று மொத்தம் 14 வகை. அவள் பெயருக்கு நேரே மளமளவென்று நிரம்பியது. பெரியவர் பெயருக்கு வந்ததும் தட்டச்சு நின்றுபோனது. கடைசியில் "மேற்பார்வை" என்று போட்டார்கள். அவள் இப்போது இரண்டாம் ஆசிரியர். பெரியவரும் இருக்கிறார். எனக்கு இதில் பாதி நியாயம்தான்.

உனக்கு ஒன்று புரிய வேண்டும். எங்கள் உலகத்தில் பட்டியலில் எந்த இடம் என்பதற்கே தனி அர்த்தம். உயிரியலில் முதல் பெயர் பாடுபட்டவர், கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவர். கணிதக்காரர்கள் அகரவரிசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். துகள் இயற்பியலில் இன்னும் மேலே. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வகத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் வெறும் ஆசிரியர் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும். அங்கே யாரும் விட்டுப்போகவில்லை, சந்தோஷம். ஆனால் யார் என்ன செய்தார் என்று அந்த 24 பக்கத்தைப் படித்து ஒருவரும் சொல்ல முடியாது.

பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஜோசலின் பெல்லைப் பார். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. கம்பம் அடித்து, கம்பி கட்டி அந்த ரேடியோ தொலைநோக்கியை எழுப்பியவர்களில் ஒருவர். 1967இல் மீட்டர் மீட்டராக வந்து விழும் வரைபடத் தாளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒரு சின்னக் கிறுக்கலை விடாமல் துரத்தினார். அதுதான் முதல் பல்சார், சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன். 1968 கட்டுரையில் முதல் பெயர் அவருடைய வழிகாட்டி ஹூவிஷ், இரண்டாவது பெல். 1974இல் நோபல் ஹூவிஷுக்கும் அந்த ஆய்வுக் குழுவின் தலைவர் ரைலுக்கும் போனது. பெல் அதற்காகப் பகை பாராட்டவில்லை. 2018இல் வேறொரு பரிசாகக் கிடைத்த 30 லட்சம் டாலரையும், இயற்பியல் ஆய்வுக்கு வர வசதியோ வாய்ப்போ இல்லாத மாணவர்களுக்கென்று கொடுத்துவிட்டார். அவர் மனசு பெரிசு. அதற்காக அன்று நடந்தது சரியாகிவிடாது.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாய்: அந்த நடராஜர் வெளியூர்க் கண்காட்சிக்குப் போகிறது, பட்டறைக்காரர் பெயர் மட்டும் அட்டையில் வருகிறது, "நம் மரபில் பெயர் போடும் வழக்கம் ஏது". அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒடியோலை என்கிற தென்னங்கீற்றை மடித்து அளவு வைத்ததிலிருந்து, தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி அந்தத் தூக்கிய பாதத்தின் விரல்களை ஒவ்வொன்றாக உருட்டியதுவரை நீ. வண்டல் மண் பூசியதும் உலோகம் ஊற்றியதும் மணியும் அவன் தம்பியும். உளி வேலை வேறு ஒருவர். அட்டையிலோ ஒரே பெயர்.

மரபு என்று சொல்லாதே. உன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் தஞ்சாவூர். பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டியிருக்கிறது. "கொடுத்தார் கொடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன ராஜா ராஜராஜ சோழன். செப்புத் திருமேனிகளைச் செய்தவர்கள் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனது இழப்பு. அதைப் பின்பற்ற வேண்டிய வழக்கமாக நீயும் எடுத்துக்கொள்ளாதே.

உன் பட்டறை மாதிரியே ஒன்றை ஆண்ட்வெர்ப்பில் நடத்தியவர் ஓவியர் ரூபன்ஸ். 1618 ஏப்ரலில், தி ஹேகில் இருந்த ஆங்கிலத் தூதர் கார்ல்டனுக்கு ஓவியங்களின் பட்டியல் ஒன்று அனுப்பினார். கார்ல்டனிடம் இருந்த பழைய பளிங்குச் சிலைகளுக்கு மாற்றாகக் கொடுக்க. அளவு, விலை, கூடவே யார் கை. கழுகு ஈரலைக் கொத்தும் பிரமீதியஸ், 500 ஃபுளோரின் (அன்றைய நாணயம்): என் கையால் ஆனது, கழுகு மட்டும் விலங்கு ஓவியர் ஸ்னைடர்ஸ். சிங்கங்களின் நடுவே தானியேல், 600: முழுக்க என் கை. அக்கிலீஸ், 600: என் மாணவர்களில் சிறந்தவன் செய்தது, முழுவதும் நான் திருத்தினேன். விலை குறையுமே என்று அவர் மறைக்கவில்லை. கார்ல்டனும் ரூபன்ஸின் சொந்தக் கை வேலைகளைத்தான் விரும்பினார். எனக்கு அந்தப் பட்டியல் எங்கள் 14 வகைப் படிவத்தைவிடப் பிடித்திருக்கிறது. அதிலும் ஒரு குறை உண்டு. ஸ்னைடர்ஸுக்குப் பெயர் இருக்கிறது, "சிறந்த மாணவனுக்கு" இல்லை. பின்னாளில் பெயர்பெற்ற ஓவியர் வான் டைக்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கழுகுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் அந்தப் படத்துக்கு இரண்டு பெயரும் இருக்கிறது.

பட்டறைக்காரர் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தியான சுலோகம் தெரிந்து, லட்சணம் பார்த்து, தப்பான இடத்தில் உன் கையைப் பிடித்து நிறுத்துகிறவர் அவர். முதல் பெயர் அவருடையதாகவே இருக்கட்டும். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் சுவரோவியங்களுக்குக் குறிப்பு மட்டும் எழுதிக்கொடுத்தார், சுவரில் வரைந்தது வேறு ஆட்கள். படைப்பு அவருடையது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதை முதன்முதலில் சுவரில் வரைந்தவர்கள் பெயரும் விவரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதனால் லெவிட் குறைந்துவிடவில்லை.

கண்காட்சிக்காரர்கள் அட்டை அச்சடிப்பதற்கு முன்னால் அவரிடம் பேசிவிடு. சண்டையாகப் பேசாதே, உனக்குக் கோபம் வந்தால் வார்த்தை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நாலே வரி கேள்: வடிவமைப்பும் மேற்பார்வையும் அவர், மெழுகு உரு நீ, வார்ப்பு மணியும் தம்பியும், செதுக்கு வேலை அந்த உளிக்காரர். மணியின் தம்பி பெயரை விட்டுவிடாதே. எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். தயக்கமாக இருந்தால் சொல், அடுத்த ஞாயிறு வண்டி ஏறி வருகிறேன்.

உன்,
முத்து